பிழையாகவேனும் பேசட்டும்
ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பித்தல்: சவால்களும் வழிகளும்

(பழைய மாணவிகள் சங்கத்தின் நூற்றாண்டு விழாக் கருத்தரங்கில், கல்லூரியின் பழைய மாணவியும் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியையுமான ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்பிப்பதில் உள்ள சவால்களும் உத்திகளும் என்ற தலைப்பில் பேசும்படி சங்கச் செயலாளர் என்னைக் கேட்டுக்கொண்டார். தலைப்பைக் கேட்டவுடன், "இதை ஆங்கிலத்திலா பேசவேண்டும், தமிழிலா?" என்று கேட்டேன். "ரீச்சர், எல்லாருக்கும் விளங்க வேணும்" என்றார். அந்த ஒரு வசனத்திலேயே எங்கள் நாட்டின் ஆங்கிலக் கல்விப் பிரச்சினை முழுவதும் அடங்கிவிட்டது. ஆகவே தமிழிலேயே பேசுகிறேன்.

முதலில் ஒரு பாவமன்னிப்பு. எனக்கு முதல் நியமனம் கிடைத்தது 1984இல், வேறொரு பாடசாலையில். கலாசாலைப் பயிற்சி முடித்து, புதுச் சேலை, புதுக் குடை, புது உற்சாகத்தோடு போனேன். ஏழாம் வகுப்பில் ஒரு நாள் ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பித் தன் குடும்பத்தைப் பற்றி இரண்டு வசனம் சொல்லச் சொன்னேன். பின்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். அவளுடைய தகப்பனார் தோட்டக்காரர். வெங்காயமும் புகையிலையும் செய்கிறவர். "மை ஃபாதர் இஸ் எ ஃபார்மர்" என்று சொல்ல நினைத்து, "மை பாதர் இஸ் பாமர்" என்றாள். நான் சிரித்துக்கொண்டே, "உங்கட அப்பா பாமரரோ?" என்று கேட்டேன். வகுப்பு முழுவதும் சிரித்தது. எனக்கு என் பகிடி பிடித்திருந்தது. அவள் இருந்துவிட்டாள். நான் அங்கே இருந்த அடுத்த இரண்டு வருடமும் என் பாடத்தில் அவள் வாய் திறக்கவில்லை. எழுத்து வேலை எல்லாம் ஒழுங்காகச் செய்வாள். கொப்பி சுத்தமாக இருக்கும். வாய் மட்டும் திறக்கமாட்டாள்.

அந்தப் பிள்ளையைப் பற்றிக் கடைசியில் மீண்டும் சொல்வேன். இரண்டாம் மொழி கற்பித்தலின் முதலாவது சவால் இலக்கணம் அல்ல, உச்சரிப்பு அல்ல, புத்தகம் அல்ல. வெட்கமும் பயமும்தான் என்பதை எனக்குக் கற்பித்தவள் அவள். அதைக் கற்றுக்கொள்ள எனக்குத்தான் நீண்ட காலம் எடுத்தது.

பயம் எங்கிருந்து வந்தது?

இந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு உண்டு. எங்கள் பாட்டிமார் காலத்தில் ஆங்கிலப் பாடசாலை என்றால் கட்டணம் கட்டும் பாடசாலை. காசு உள்ளவர்களின் பிள்ளைகள் ஆங்கிலம் படித்தார்கள். மற்றவர்கள் சுயபாஷைப் பாடசாலைக்குப் போனார்கள். வேலை, பதவி, மதிப்பு எல்லாம் ஆங்கிலத்தோடு போயின. 1945 ஒக்ரோபரில் இலவசக் கல்வி வந்தது. சி.டபிள்யு.டபிள்யு. கன்னங்கராவை நாம் இன்றும் நன்றியோடு நினைக்கிறோம். தாய்மொழியில் கற்கும் வழி படிப்படியாகத் திறந்தது. அதனால்தான் தோட்டக்காரரின் மகளும் தச்சரின் மகளும் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் வரமுடிந்தது. அதிலே எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை.

ஆனால் ஆங்கிலம் மறைந்துவிடவில்லை. எல்லோருக்கும் உரிய ஒரு பாடமாக அது நேர அட்டவணையில் ஏறியது. எல்லோருக்கும் கற்பிக்கப் போதுமான ஆசிரியர்கள்தான் இருக்கவில்லை. கிராமத்துப் பாடசாலையில் ஆங்கிலப் பாடவேளை என்றால் மரநிழலில் விளையாடும் பாடவேளை என்று சொல்லிச் சிரிக்கும் பழைய மாணவர்களை நீங்களும் சந்தித்திருப்பீர்கள். அது சிரிக்கிற கதையல்ல.

சிங்கள மாணவர்கள் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலத்துக்கு ஒரு பட்டப்பெயர் வைத்தார்கள்: கடுவ. அதாவது வாள். வைத்திருப்பவன் கையில் ஆயுதம். இல்லாதவன் கழுத்துக்கு ஆபத்து. மொழியியலாளர் திரு கந்தையா 1984இல் இந்தச் சொல்லையே தலைப்பாக வைத்து ஆங்கிலத்தின் அதிகாரத்தைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். 1987இல் அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் ஆங்கிலத்தை இணைப்பு மொழி என்றது. சட்டத்தில் இணைப்பு மொழியாக இருப்பது வகுப்பறையில் வாளாகவே இருக்கிறது. பாமர் என்று சொன்ன பிள்ளையை நான் வெட்டியதும் அந்த வாளால்தான்.

இதில் இன்றும் ஒரு முரண்பாடு இருக்கிறது. சாதாரண தரத்தில் ஆங்கிலம் சித்தியடையாவிட்டாலும் உயர்தரம் படிக்கலாம். உயர்தரத்தில் பொது ஆங்கிலம் என்று ஒரு பாடம் உண்டு. அதன் பெறுபேறு பல்கலைக்கழக அனுமதிக்கான இசற் புள்ளியில் சேராது. ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைகள்கூட அதை ஒதுக்கிவிட்டு பௌதிகவியலுக்கும் இரசாயனவியலுக்கும் ரியூசனுக்கு ஓடுவார்கள். பிறகு மருத்துவ பீடத்துக்குப் போனால் முதல் நாள் விரிவுரையே ஆங்கிலத்தில். பதின்மூன்று வருடம் தமிழில் சிந்தித்து மாவட்டத்தில் முன்னணியில் வந்த பிள்ளை, அங்கே போய்க் கடைசி வரிசையில் மௌனமாக இருப்பாள். இங்கே இருக்கும் வைத்தியர்களுக்கு அந்த முதல் வருடம் நினைவிருக்கும்.

தமிழ் எதிரி அல்ல

இரண்டாவது சவால், எங்கள் தாய்மொழியையே தடையாக நினைப்பது. மூத்த சகோதரிகளுக்குத் தெரியும்: அந்தக் காலத்தில் சில பாடசாலைகளில் தமிழ் கதைத்தால் தண்டம் கட்டவேண்டும். இன்றும் சிலர், ஆங்கில வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்லும் வரக்கூடாது என்கிறார்கள். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

என் மனதை மாற்றியவற்றுள் ஒன்று, எங்கள் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்த சுரேஷ் கனகராஜா 1999இல் வெளியிட்ட நூல். போர்க்காலத்து யாழ்ப்பாணத்தில் முதலாம் வருட மாணவர்கள் ஓர் அமெரிக்கப் பாடநூலை வைத்து ஆங்கிலம் படித்ததை அவர் கூர்ந்து பார்த்தார். அந்தப் பிள்ளைகள் பாடநூலின் ஓரங்களில் என்னென்ன எழுதினார்கள், என்னென்ன படம் கீறினார்கள் என்றுகூடப் பார்த்தார். அமெரிக்க நகரத்துக் கதைகளின் ஓரத்தில் தமிழ்க் குறிப்புகள், சினிமா, காதல், போராட்டம் எல்லாம் இருந்தன. புத்தகத்துக்குள் அவர்களுடைய வாழ்க்கைக்கு இடமில்லாதபோது, ஓரத்தில் இடம் பிடித்துக்கொண்டார்கள். அதை வாசித்த நாள் முதல், என் மாணவிகளின் கொப்பி ஓரங்களில் கிறுக்கியிருந்தால் ஏசுவதை நிறுத்தி, வாசிக்கத் தொடங்கினேன்.

எங்கள் பிள்ளைகள் விடும் பிழைகளை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலானவை முட்டாள்தனம் அல்ல; நல்ல தமிழ். "அவ என்ர அம்மா" என்கிறோம். அந்த வசனத்தில் "இஸ்" என்ற சொல்லுக்கு இடமே இல்லை. ஆகவே பிள்ளை "ஷீ மை மதர்" என்கிறாள். "எனக்குப் பசிக்குது" என்கிறோம். பசி எனக்கு வருகிறது. நான் பசியாக இருப்பதில்லை. ஆகவே "ஐ ஆம் ஹங்ரி" அவளுக்கு வருவதில்லை. "எனக்கு இரண்டு தம்பிமார் இருக்கினம்" என்பதை அப்படியே மாற்றி "மை ரூ பிரதர்ஸ் ஆர்" என்று நிறுத்துவாள். தமிழ் வசனத்தில் வினை கடைசியில் வரும். ஆங்கிலத்தில் நடுவில் வரும். வீடு ஒன்றுதான், வாசல் வேறு பக்கம்.

இதைப் பிள்ளைக்குத் தமிழில் இரண்டு நிமிடம் விளக்கினால் போதும். பிறகு முப்பது நிமிடம் ஆங்கிலத்தில் பயிற்சி. விளக்கம் தமிழில், பயிற்சி ஆங்கிலத்தில்: இதுதான் நான் கண்ட நல்ல கலவை. முப்பது நிமிடம் தமிழில் இலக்கணம் சொல்லி, இரண்டு நிமிடம் ஆங்கிலம் பேசவைத்தால் அது தமிழ் வகுப்பு. ஒரு சொல்லும் தமிழில் சொல்லாமல் நாற்பது நிமிடம் தடுமாறவைத்தால் அது எந்த வகுப்பும் அல்ல.

இரண்டு சிறு விஷயங்களை மட்டும் விரித்துச் சொல்ல விரும்புகிறேன். இவற்றால் வரும் பாதிப்பு சிறியதல்ல.

ஒன்று, "ஓம்", "இல்லை". "நீ நேற்று வரேல்லையோ?" என்று கேட்டால், வராத பிள்ளை "ஓம்" என்று சொல்லலாம், ஓம், வரவில்லை. ஆங்கிலத்தில் அதற்கு "நோ" என்றே சொல்லவேண்டும். தாதியர் பயிற்சிக்குப் போன என் மாணவி ஒருத்தி சொன்னாள். வைத்தியர் அவளிடம், "நோயாளிக்கு நோவு இல்லையா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாராம். அவள் "யெஸ்" என்றாளாம். ஓம், நோவு இல்லை என்ற நினைப்பில். வைத்தியர் நோவு இருக்கிறது என்று எடுத்துக்கொண்டார். உடனே பேசித் தெளிந்துகொண்டார்கள், நல்லவேளை. அதன்பிறகு ஒவ்வொரு வருடமும் இதற்கென்றே ஒரு பாடவேளை ஒதுக்கினேன்.

மற்றது, மரியாதை. தமிழில் மரியாதை வினையின் வாலில் இருக்கிறது. "தண்ணி தா", "தண்ணி தாங்கோ". அந்த "ங்கோ" ஒன்றே போதும். ஆங்கில வினைக்கு அந்த வால் இல்லை. மரியாதைக்குத் தனிச் சொற்கள் வைக்கவேண்டும். எங்கள் பிள்ளை மனதில் "தாங்கோ" என்று நினைத்துக்கொண்டு "கிவ் மீ வோட்டர்" என்கிறாள். கேட்பவருக்கு அது அதட்டலாகக் கேட்கிறது. நல்ல பிள்ளை, மரியாதை தெரியாதவள் என்று பெயர் வாங்குகிறாள். ஆகவே "பிளீஸ்", "குட் யூ" என்பவற்றை நான் இலக்கணமாகக் கற்பிக்கவில்லை. "இதுதான் ஆங்கிலத்தின் ங்கோ" என்று கற்பித்தேன். ஒருவரும் மறக்கவில்லை.

ஒலிக்கும் தமிழே வழி

உச்சரிப்புக்கும் தமிழில்தான் திறப்பு இருக்கிறது. "பம்பரம்" என்று சொல்லிப் பாருங்கள். முதல் "ப" வேறு, இரண்டாவது "ப" வேறு. இரண்டாவதில் குரல் அதிர்கிறது. எழுத்து ஒன்று, ஒலி இரண்டு. "கங்கை" என்பதில் இரண்டு "க"வும் அப்படித்தான். ஆங்கிலத்தில் இந்த இரண்டு ஒலிக்கும் இரண்டு எழுத்து. சொல்லின் முதலிலேயே இரண்டும் வரும். ஆகவே பிள்ளைக்குப் புதிய ஒலி எதையும் நாம் கொடுக்கவேண்டியதில்லை. பம்பரத்தின் நடுவில் இருப்பதை எடுத்துச் சொல்லின் தலையில் வைக்கச் சொன்னால் போதும். தொண்டையில் விரலை வைத்து அதிர்வைப் பார்க்கச் சொல்லுங்கள். தரம் ஆறுப் பிள்ளைகளுக்கு அது ஒரு விளையாட்டு.

இன்னொன்று எங்கள் ஈழத்துத் தமிழின் கொடை. "வெற்றி", "பற்று" என்னும்போது எங்கள் நுனிநாக்கு மேற்பல்லின் பின்னுள்ள முரசைத் தொடுகிறது. "பட்டு" என்னும்போது நாக்கு உள்ளே வளைகிறது. ஆங்கிலத்தின் அந்த ஒலி "பற்று"க்குக் கிட்டியது, "பட்டு"க்கு அல்ல. எங்கள் மூத்தவர்கள் "ரிக்கற்" என்று றகரம் போட்டு எழுதியது காதால் கேட்டுத்தான். யாழ்ப்பாணத்து உச்சரிப்பு என்று வெட்கப்படுகிற பிள்ளைக்கு இதைச் சொல்லுங்கள்.

இனி, அந்தப் "பாமர்". தமிழில் "வ" சொல்லும்போது மேற்பல் கீழுதட்டை மெல்லத் தொடும். வாயை அப்படியே வைத்துக்கொண்டு, குரலை நிறுத்திக் காற்றை மட்டும் விட்டால் "ஃபார்மர்" என்பதன் முதல் ஒலி வந்துவிடும். ஒரு சிறு முகக்கண்ணாடியும் அரை நிமிடமும் போதும். 1984இல் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. தெரிந்திருந்தால் ஒரு பிள்ளையின் இரண்டு வருடம் மிஞ்சியிருக்கும். தனக்குத் தெரியாததை ஆசிரியை சிரிப்பால் மறைக்கிறாள். இதை இளம் ஆசிரியைகளுக்காகச் சொல்கிறேன்.

நாற்பது பிள்ளைகள், நாற்பது நிமிடம்

மூன்றாவது சவால் வெறும் கணக்கு. ஒரு வகுப்பில் நாற்பது பிள்ளைகள். ஒரு பாடவேளை நாற்பது நிமிடம். ஆசிரியை ஒரு சொல்லும் பேசாமல் இருந்தால்கூட ஒரு பிள்ளைக்கு ஒரு நிமிடம்தான். ஆசிரியை பாதி நேரம் பேசினால் அரை நிமிடம். வாரத்துக்கு ஐந்து பாடவேளை என்றால் இரண்டரை நிமிடம். வாரத்துக்கு இரண்டரை நிமிடம் மிதித்து எவர் சைக்கிள் பழகியிருக்கிறார்?

வழி, இரண்டு இரண்டு பேராகப் பேசவிடுவது. ஒரே நேரத்தில் இருபது பேர் பேசுவார்கள். ஐந்து நிமிடம் இப்படிப் பேசினால் ஒவ்வொருத்திக்கும் இரண்டரை நிமிடம் கிடைத்துவிடும். ஒரு வாரத்து வேலை ஐந்து நிமிடத்தில். சத்தம் வரும். முதன்முதலில் இதைச் செய்தபோது அப்போதைய அதிபர் வாசலில் வந்து நின்று, "ரீச்சர் வகுப்பில இல்லையோ?" என்று கேட்டார். நான் நடுவில் நின்றுகொண்டிருந்தேன். விளக்கம் சொன்னேன். சிறிது நேரம் நின்று கேட்டுவிட்டு, "பக்கத்து வகுப்புக்குக் கணிதம் நடக்குது, யன்னலைச் சாத்துங்கோ" என்று மட்டும் சொல்லிப் போனார். அவருக்கு என் நன்றி.

எதைப் பற்றிப் பேசுவது என்பதும் முக்கியம். பனித்துளி விழும் நாட்டுப் பூங்காவைப் பற்றிப் பேசச் சொன்னால் பிள்ளைக்குச் சொல்ல ஒன்றும் இல்லை; அப்போது ஆங்கிலம் வரவில்லை என்று நாம் முடிவு கட்டுகிறோம். நல்லூர்த் திருவிழாவில் வழி தவறிய ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு வழி சொல்லு என்றால் வாய் தானாகத் திறக்கும். பனங்கிழங்கு எப்படி வருகிறது, அதிலிருந்து ஒடியல் எப்படி, புழுக்கொடியல் எப்படி என்று சொல்லச் சொன்னால், சொல் தெரியாமல் கையாலும் காலாலும் சொல்லிமுடிப்பாள். அவித்துக் காயவைப்பது புழுக்கொடியல், அவிக்காமல் காயவைப்பது ஒடியல் என்ற வித்தியாசத்தை ஆங்கிலத்தில் விளக்கிவிட்ட பிள்ளைக்கு, பரீட்சையில் ஒரு செய்முறையை விபரிப்பது பெரிய காரியமா?

பரீட்சை என்றேன். நான் கற்பித்த காலம் முழுவதும் சாதாரண தர ஆங்கிலம் எழுத்துப் பரீட்சையாகவே இருந்தது. கேட்பதற்கும் பேசுவதற்கும் புள்ளி இல்லை. புள்ளி இல்லாததைப் பெற்றோர் கேட்கமாட்டார்கள், ரியூட்டரியும் கற்பிக்காது. "என் பாடசாலை", "நான் விரும்பும் தலைவர்" என்று பத்துக் கட்டுரையைப் பாடமாக்கிக்கொண்டு போனால் சித்தி கிடைத்துவிடும். விசேட சித்தி பெற்ற பிள்ளை, கொழும்புக்குப் போய் வங்கியில் ஒரு கேள்வி கேட்கத் தயங்குவாள். புள்ளியைக் குறைசொல்லவில்லை. புள்ளியும் வேண்டும். ஆனால் பேசிப் பழகிய பிள்ளைக்கு எழுத்தும் வரும். எழுதிப் பாடமாக்கிய பிள்ளைக்குப் பேச்சு வருவதில்லை. என் அனுபவம் இதுதான்.

இல்லாமையிலும் நடந்தது

வளம் இல்லை என்று சொல்லப்படுவதையும் பார்ப்போம். 1990க்குப் பிந்திய அந்த ஐந்து வருடங்களை இங்கே பலர் அனுபவித்தீர்கள். மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் அருமை. பற்றறிக்குத் தடை. கொப்பி இல்லாமல் பழைய கொப்பியின் வெறும் பக்கங்களைக் கிழித்துத் தைத்தோம். அந்தக் காலத்தில் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலி கேட்ட வீடுகள் எத்தனை! என் உயர்தர மாணவிகள் சிலர் ஆங்கிலச் செய்தியை அப்படிக் கேட்டு, அடுத்த நாள் வகுப்பில் ஒவ்வொருத்தியும் ஒரு செய்தி சொல்லவேண்டும் என்று தாமாகவே ஒரு விதி வைத்தார்கள். ஒருத்தி சுற்றுவாள், மற்றவள் குறிப்பெடுப்பாள். சுற்றுவதை நிறுத்தினால் செய்தி நின்றுவிடும். அதனால் காதைக் கூராக்கிக் கேட்டார்கள். இன்று மொழி ஆய்வுகூடம் என்று சொல்கிறோமே, அதுதான் எங்கள் மொழி ஆய்வுகூடம்.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமமே எழுந்து நடந்தபோது அந்த வகுப்பும் சிதறியது. அவர்களில் சிலர் இன்று ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருக்கிறார்கள். இரண்டு பேர் இந்த மண்டபத்தில் இருக்கிறார்கள். கஷ்டம் நல்லது என்று நான் சொல்லவரவில்லை. அந்தக் கஷ்டம் எந்தப் பிள்ளைக்கும் இனி வரக்கூடாது. சொல்லவருவது ஒன்றே: அவர்களுக்குச் சொல்வதற்கு ஒரு செய்தி இருந்தது, கேட்பதற்கு ஒருத்தி இருந்தாள், பிழைவிட்டால் சிரிக்க எவரும் இல்லை. மொழி வளர அவ்வளவும் போதுமாக இருந்தது.

திருத்துவது எப்படி?

"அப்படியென்றால் பிழையைத் திருத்தவே வேண்டாமா?" என்று கேட்பீர்கள். திருத்தவேண்டும். ஆனால் பேசும்போது இடைமறிக்கவேண்டாம். பிள்ளை "யெஸ்ரடே ஐ கோ மார்க்கற்" என்றால், "ஓ, யூ வென்ற் ரு த மார்க்கற்! என்ன வாங்கினாய்?" என்று சரியான வடிவத்தைச் சொல்லியே கதையைத் தொடருங்கள். தாய் தன் குழந்தைக்கு மழலையைத் திருத்துவது அப்படித்தானே? "தோச்சை" என்ற குழந்தையை எந்தத் தாயும் வாங்கில் ஏற்றி நிறுத்துவதில்லை, "தோசை வேணுமோ குஞ்சு?" என்று கேட்டுத் தோசையைக் கொடுக்கிறாள். எழுத்து வேலையிலும் எல்லாப் பிழையையும் சிவப்பால் வெட்டவேண்டாம். இந்த வாரம் இறந்தகாலம் என்றால் அதை மட்டும் திருத்துங்கள். இரத்தம் ஓடுவதுபோல் இருக்கும் கொப்பியை எந்தப் பிள்ளையும் இரண்டாம் முறை திறக்காது.

2010ஆம் ஆண்டு தை மாதம், தரம் ஆறுக்குப் புதிய பிள்ளைகளைச் சேர்த்த நாளில், ஒரு தாய் என்னைத் தேடி வந்தார். "ரீச்சர், என்னைத் தெரியுதோ?" என்றார். முகம் தெரியவில்லை, குரல் தெரியவே இல்லை. நான் கேட்டிராத குரல் அது. பெயரைச் சொன்னார். எனக்குக் கை குளிர்ந்தது. மகளை முன்னால் இழுத்து நிறுத்தி, என் காதோரம் மெதுவாகச் சொன்னார்: "இவள் நல்லாக் கதைப்பாள் ரீச்சர். பிழையாச் சொன்னா மட்டும் சிரிச்சுப்போடாதேங்கோ."

கோபமே இல்லாமல்தான் சொன்னார். இருபத்தைந்து வருடமாக அதை வைத்திருந்திருக்கிறார். நான் அன்றைக்கு அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். "அது பகிடிதானே ரீச்சர்" என்றார். அந்த மகளுக்கு ஐந்து வருடம் நான்தான் ஆங்கிலம். முதல் வாரத்தில் அவள் தன் பாட்டனாரைப் பற்றிப் பேசினாள். ஃபார்மர் என்ற சொல்லைச் சரியாகவே சொன்னாள். பிழையாகச் சொல்லியிருந்தாலும் பரவாயில்லை என்று இருந்தது எனக்கு.

உங்களிடம் ஒரு வேண்டுகோள்

நூற்றாண்டு நினைவாக மொழி ஆய்வுகூடம் ஒன்றை அமைக்கச் சங்கம் யோசிப்பதாக அறிந்தேன். நல்ல எண்ணம். தடுக்க வரவில்லை. ஆனால் பூட்டுப் போட்ட அறைக்குள் தூசி பிடித்த கணினிகளையும் நான் பல பாடசாலைகளில் பார்த்திருக்கிறேன். எங்கள் பிள்ளைகளுக்கு இல்லாதது கருவி அல்ல. ஆங்கிலத்தில் தங்களோடு பொறுமையாகக் கதைக்க ஒரு ஆள்.

அந்த ஆள் நீங்கள். உலகம் முழுவதும் இருக்கிறீர்கள். வாரத்தில் ஒரு நாள், அரை மணித்தியாலம், ஒரு பழைய மாணவி இங்குள்ள இரண்டு பிள்ளைகளோடு தொலைபேசியில் கதைக்கட்டும். மூன்று விதி மட்டும் போதும். ஒன்று, மெதுவாகக் கதையுங்கள். லண்டன் உச்சரிப்பைப் பரிசளிப்பு விழாவுக்கு வைத்திருங்கள். இரண்டு, ஒரு நாளைக்கு ஒரு பிழைக்கு மேல் திருத்தவேண்டாம். மூன்று, சிரிக்கவேண்டாம், பிள்ளை சிரித்தால் சேர்ந்து சிரியுங்கள்.

இதில் உங்களுக்கும் ஒரு இலாபம் உண்டு. உங்கள் வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். அம்மம்மாவோடு தமிழில் நாலு வசனம் கதைக்கத் தயங்கி, தலையை மட்டும் ஆட்டிவிட்டு அறைக்குள் போகிறார்கள். கேட்டால் விளங்கும், வாய் திறக்கமாட்டார்கள். பிழைவிட்டால் மாமா சிரிப்பார் என்ற பயம். எங்கள் பின்வாங்குப் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் இருக்கும் அதே நோய், உங்கள் பிள்ளைக்குத் தமிழில். இந்த இரண்டு பிள்ளைகளையும் ஒருவரோடொருவர் கதைக்கவிடுங்கள். கால் மணித்தியாலம் ஆங்கிலம், கால் மணித்தியாலம் தமிழ். இருவரும் ஆசிரியர், இருவரும் மாணவர். ஒருத்தி மற்றவளைப் பார்த்துச் சிரிக்கமாட்டாள். அடுத்த கால் மணித்தியாலம் தன்னுடைய முறை என்று அவளுக்குத் தெரியும்.

இதற்குக் கட்டடம் வேண்டாம், திறப்புவிழா வேண்டாம், கல்வெட்டும் வேண்டாம். இன்று மண்டப வாசலில் ஒரு கொப்பி வைத்திருக்கிறோம். விருப்பமானவர்கள் பெயரையும் உங்களுக்கு வசதியான நேரத்தையும் எழுதிவிட்டுப் போங்கள். வரமுடியாத சகோதரிகள் இந்த மலரை வாசித்தபின் சங்கச் செயலாளருக்கு அறிவியுங்கள். முதற் பெயரை நானே எழுதியிருக்கிறேன். இரண்டாவது பெயரை, அன்று மகளைக் கூட்டி வந்த அந்தத் தாய் எழுதியிருக்கிறார். தன் ஆங்கிலம் போதாது என்று தயங்கினார். "பிழையாகவேனும் கதையுங்கோ" என்றேன்.